சிறுத்தை லென்ஸும் புவனாவின் மச்சமும்

1

ஒரு பெண் எடுத்த புகைப்படத்தின் கீழே ஓர் ஆண் பத்துப் பன்னிரண்டு வரி கருத்து எழுதுகிறான் என்றால், அவனுக்கு அந்தப் படத்தின் மேல் ஒரு அக்கறையும் கிடையாது, எடுத்தவள் மேல்தான் அக்கறை என்று நான் நம்பினேன். ஏதோ ஒரு சாயங்காலம் நம்பிவிட்டு விட்டிருந்தால் பரவாயில்லை. கண்டியில் ஒரு மழைக்காலம் தொடங்கி முடியும்வரை நம்பினேன். இங்கே மழைக்காலம் எவ்வளவு நீளம் என்று சிவகாசியில் இருக்கும் என் சொந்தபந்தங்களான உங்களுக்குச் சொன்னால் புரியாது. இந்த ஊரில் தீப்பெட்டித் தொழில் நடத்த நினைப்பவன் குச்சியைக் காயவைக்க வேறு மாவட்டத்துக்குப் போக வேண்டும்.

படம் எடுத்தவள் என் மனைவி புவனா. கருத்து எழுதியவர் அன்வர் சேர். இங்கே 'சார்' என்பதை இப்படித்தான் எழுதுவார்கள். கண்டி டவுனில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். அதாவது, இருட்டறையில் உட்காரவைத்துப் பெண்களின் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்ப்பதே அவருக்குத் தொழில். என் நிலைமையில் நீங்கள் இருந்திருந்தால் என்ன நினைத்திருப்பீர்கள்?

அண்மையில் என் வீசாவைப் புதுப்பித்தோம். வீசா புதுப்பிக்கும் சமயத்தில்தான் எனக்கு உங்கள் நினைவு வரும், ஏதாவது எழுதத் தோன்றும். மற்ற மாதங்களில் நான் இந்த ஊர்க்காரன். அந்த மாதம் மட்டும் வெளிநாட்டுக்காரன்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. சிவகாசியிலிருந்து ஒரு பழைய ஆஃப்செட் இயந்திரத்தைக் கண்டியில் ஒரு அச்சகம் வாங்கியது. அதைப் பொருத்திக் கொடுக்க நானும் கூடவே வந்தேன். ஒரு மாதத்தில் திரும்பிவிடுவதாக அம்மாவிடம் சொன்னேன். தன் அக்காவின் கல்யாணக் கார்டில் குங்குமம் காவி நிறத்தில் வந்திருக்கிறது என்று சண்டை போட அச்சகத்துக்கு ஒரு பெண் வந்தாள். நான் நிறத்தைத் திருத்தினேன். அடுத்த கல்யாணக் கார்டு எங்களுடையது. இயந்திரத்தை இரண்டு வருடத்துக்கு முன் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். என்னை இன்னும் போடவில்லை.

இங்கே நான் இருப்பது இந்நாட்டுப் பெண்ணின் கணவன் என்ற தகுதியில். ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் புவனா என்னோடு கொழும்புப் பக்கம் இருக்கும் அலுவலகத்துக்கு வர வேண்டும். அதிகாரிக்கு முன்னால் உட்கார்ந்து, ஆமாம், இவர்தான் என் கணவர், ஒரே வீட்டில்தான் இருக்கிறோம் என்று சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். மற்றவனுக்கு மனைவி கோபித்துக்கொண்டு போனால் சோறு போகும். எனக்கு நாடே போகும். என்னுடைய பொறாமையை எடைபோடும்போது இதையும் தராசில் வைத்துப் பாருங்கள்.

2

புவனா மாநகர சபையில் எழுதுநர், நம்ம ஊரில் கிளார்க். அவள் உட்காரும் கவுண்டரில் முன்னால் கண்ணாடி, கண்ணாடியில் அரைவட்டமாக ஒரு ஓட்டை. வருகிறவர்கள் எல்லாரும் குனிந்து அந்த ஓட்டையில் வாயை வைத்துப் பேசுவார்கள். நாள் முழுக்க வாய்களையே பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துப்போச்சு, ஒரு முழு முகத்தைப் பார்க்க வேணும்போல இருக்கு என்று ஒரு நாள் சொன்னாள். நான் என் முகத்தை நீட்டினேன், நாக்கையும் சேர்த்து. அவள் சிரிக்கவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

எங்கள் மகள் தர்ஷினி, சாதாரண தரப் பரீட்சைக்கு, அதாவது நம்ம ஊர்ப் பத்தாம் வகுப்புக்குப் படிக்கிறவள், அம்மாவை வாட்ஸ்அப்பில் ஒரு குழுவில் சேர்த்துவிட்டாள். முகப்படம் எடுக்கப் பழகுகிறவர்களின் குழு. மாதம் ஒரு முறை அம்பிட்டியவில் ஒரு டியூஷன் வகுப்பின் மேல்மாடியில் கூடுவார்கள். அந்தக் குழுவுக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. படத்தோடு, படத்தில் இருப்பவரின் பெயரையும் போட வேண்டும். பெயர் கேட்காமல் எடுத்த முகத்தைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். 'சுப்பர்', 'அழகு' என்று மட்டும் எழுதிவிட்டு ஓடுகிறவர், அல்லது கட்டைவிரலைக் காட்டுகிறவர், அடுத்த கூட்டத்தில் எல்லாருக்கும் ரோல்ஸ், அதாவது மீன் வைத்துச் சுருட்டிப் பொரித்த பலகாரம், வாங்கித் தர வேண்டும். கூட்டத்தில் ஒரு படத்தைப் போட்டால், அதில் இருப்பவர் அங்கே இருந்தால் அவர்தான் முதலில் பேச வேண்டும். எடுத்தவர் வாயைத் திறக்கவே கூடாது. கேட்டுக்கொள்ள வேண்டும்.

எனக்கு இந்தக் கடைசி விதி பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. என் தொழிலில் படத்தில் இருப்பவர் பேசுவதே கிடையாது. பாதிப் பேர் இறந்திருப்பார்கள்.

புவனாவின் முதல் நல்ல படம், புசல்லாவை பஸ்ஸின் கண்டக்டர். பெயர் காமினி. நாவலப்பிட்டியில் அவள் தம்பி வீட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பியவள் எதற்குப் புசல்லாவை பஸ்ஸில் ஏறினாள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. வெளிச்சம் நல்லா இருந்திச்சு என்றாள். பஸ்ஸுக்குள் வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று யாராவது வேறு பாதையில் ஏறுவார்களா? அந்தப் படத்துக்கு அன்வர் சேர் எழுதியது இது.

"காமினியின் கண்ணில் ஜன்னல் வெளிச்சம் ஒரு புள்ளியாக விழுந்திருக்கிறது. அதை நீங்கள் தேடிப் பிடித்தீர்களா, தானாக வந்து விழுந்ததா? தானாக வந்தது என்றால் அடுத்த முறை தேடுங்கள். நெற்றியை வெட்டினாலும் பரவாயில்லை, தாடையை வெட்டாதீர்கள்." இப்படியே போய், கடைசியில்: "இன்னும் ஓர் அடி கிட்டப் போங்கள். நீங்கள் பயப்படுகிறீர்கள். பயப்பட வேண்டாம்."

கிட்டப் போங்கள். பயப்பட வேண்டாம்.

புவனா குளிக்கப் போயிருந்தபோது அவள் போனில் இதை வாசித்தேன். பிறகு வேலைக்குப் போய்ப் புது இயந்திரத்தை ஓட்டிக்கொண்டே மனதுக்குள் திரும்பத் திரும்ப வாசித்தேன். அன்று ஓடியது யாரோ ஒரு நாவலப்பிட்டிக்காரரின் கல்யாணக் கார்டு. மஜெந்தா மை கூடிப்போனதை நான் கவனிக்கவில்லை. மணமகள் பீட்ரூட் மாதிரி வந்தாள். அத்தனையையும் குப்பையில் போட்டு மறுபடி அடித்தோம்.

உண்மையைச் சொன்னால் அன்வர் சேர் மட்டும் என் எதிரி இல்லை. கண்டக்டர் காமினியும் எதிரிதான். அந்தப் படத்தில் அவன் எதிரே இருக்கிறவரை எவ்வளவு நம்பிக்கையாகப் பார்க்கிறான் தெரியுமா? எதிரே இருந்தது என் மனைவி. அவனுக்குப் பிறகு வெற்றிலைக் கடை ஆயிஷா உம்மா, லிஃப்ட் பழுதுபார்க்கும் விக்டர், பக்கத்து வீட்டு நோனா, அவள் ஆபீசில் தேநீர் கொண்டுவரும் சரோஜா. ஊரில் உள்ள எல்லா முகத்துக்கு முன்னாலும் புவனா போய் நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணை எடுக்காமல் பார்த்தாள். என்னை ஒரு முறைகூட எடுக்கவில்லை. கல்யாண ஆல்பத்தில்கூட அவள் பார்ப்பது என்னையல்ல, ஐயர் கையிலிருந்த தேங்காயை.

3

இதில் இன்னொரு வயிற்றெரிச்சல். புவனாவின் கழுத்தில் தொங்கிய கேமரா அன்வர் சேருடையது. போனில் எடுத்தது போதும், இதை வைத்துப் பழகுங்கள் என்று தன் பழைய கேமராவை இரவல் தந்திருந்தார். சின்ன உடம்பு, முன்னால் கட்டையாக ஒரு லென்ஸ். கிட்டப்போகவும் தூரப்போகவும் தெரியாத லென்ஸ் அது. ஆள்தான் நடந்து போக வேண்டும். இன்னொருவரின் கேமரா என் மனைவியின் நெஞ்சில் ஆடிக்கொண்டு இருப்பதை நான் தினமும் காலைச் சாப்பாட்டோடு பார்த்தேன்.

ஆகவே கேமரா வாங்கிக் கொடுக்க முடிவு செய்தேன். அதை விடப் பெரியதாக.

டவுனில் உள்ள கேமராக் கடைக்காரர் என் வயசுக்காரர். நான் கேட்காத கேள்வியெல்லாம் கேட்டார். யாருடைய முகம், எங்கே வைத்து எடுப்பீர்கள், அறை எவ்வளவு பெரியது. கடைசியில், பாவித்த, அதாவது செகண்ட் ஹேண்ட், கேமரா ஒன்றும் சின்ன லென்ஸ் ஒன்றும் போதும் என்றார். படம் சுமாராக வந்தால் கேமராவை மாற்றாதீர்கள், ஜன்னல் பக்கம் ஆளை மாற்றி உட்காரவையுங்கள் என்றார். என்ன ஒரு அவமானம்! சிவகாசியில் ஒரு வாடிக்கையாளரைப் பார்த்து, உங்களுக்கு ரெண்டு கலர் மெஷின் போதும் அண்ணாச்சி என்று சொல்லிப் பாருங்கள். கடையைத் திரும்பிப் பார்க்க மாட்டார். இயந்திரம் என்றால் பெரிதாக இருப்பதுதான் நல்லது என்று கற்றுக்கொண்டு வளர்ந்தவன் நான். நாலு கலர், ஆறு கலர், அறையை அடைக்கும் அளவுக்கு நீளம். கேமராவும் அப்படித்தான் என்று நினைத்தேன்.

வெளிநாட்டுப் பயணிகளை ஏற்றிக்கொண்டு யால காட்டுக்குப் போய்வரும் ஜீப் டிரைவர் ஒருவர் அந்தத் தொழிலை விட்டுவிட்டுத் தன் கேமராவை விற்பதாக அறிந்தேன். அந்த லென்ஸைத் தூக்க இரண்டு கை வேண்டும். அதற்கே தனியாக ஒரு கால் இருந்தது. நூறடி தூரத்தில் மரத்தில் படுத்திருக்கும் சிறுத்தையின் மீசையை எண்ணலாம் என்று டிரைவர் சத்தியம் செய்தார். சிறுத்தைக்கே போதும் என்றால் புவனாவுக்குப் போதாதா? வாங்கிவிட்டேன்.

புவனா அதைத் தூக்கிப் பார்த்தாள், மேசையில் வைத்தாள்.

"இது எனக்கா, இல்ல நேவிக்கா?"

தர்ஷினி சுவரோடு ஒட்டி நின்று குறிபார்த்துவிட்டு, அப்பா, இதுல நம்ம வீட்டுக்குள்ள யாரையும் எடுக்க ஏலாது என்றாள். உண்மைதான். பத்தடிக்குள் இருப்பது எதுவுமே அந்த லென்ஸுக்குத் தெரியாது. எங்கள் கட்டுக்கலை வீட்டின் ஹால் முழுவதும் பத்தடிக்குள் அடங்கிவிடும். சிறுத்தையே வந்து சோபாவில் உட்கார்ந்தாலும் மங்கலாகத்தான் தெரியும்.

அப்படியென்றால் நானே வைத்துக்கொள்கிறேன், நானும் குழுவில் சேர்கிறேன் என்றேன். அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மகள் சிங்களத்தில் என்னவோ சொன்னாள், அம்மா சிரித்தாள். என் வீட்டில் என்னைப் பற்றிய நகைச்சுவையெல்லாம் எனக்குத் தெரியாத மொழியில்தான் நடக்கிறது. அம்மாவும் நீங்களும் போனில் கேட்பீர்களே, பிள்ளை நல்லாத் தமிழ் பேசுதா என்று. பேசுகிறாள். நாற்காலி என்று நான் சொன்னால் கதிரை என்று திருத்தும் அளவுக்குப் பேசுகிறாள். போன தடவை சிவகாசிக்கு வந்தபோது நான் கதிரை என்று சொல்ல, நீங்கள் எல்லாரும் சிரித்தீர்கள். இரண்டு ஊரிலும் சிரிப்புக்குப் பஞ்சமில்லை.

4

என் முதல் முகப்படத்துக்கு ஆள் யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. புவனாவை எடுக்க வேண்டும். ஆனால் அவளிடம் கேட்கக் கூடாது. கேட்டால், இப்ப வேலை இருக்குங்க என்பாள். எல்லாருக்கும் நேரம் வைத்திருக்கிறவள் எனக்கு மட்டும் இல்லை என்பதை அவள் வாயாலேயே கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் பின் மாடியில் துணி காயப்போடுவாள். பக்கத்து வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் சரியான தூரம். அந்த வீட்டு நோனாவிடம் அனுமதி கேட்கப் போனேன். என் மனைவியைப் படம் எடுக்கப்போகிறேன் என்று சிங்களத்தில் சொல்ல நினைத்து, அவசரத்தில் என், படம் என்ற இரண்டு சொல்லையும் விட்டுவிட்டேன். சிங்களத்தில் நோனா என்றால் மனைவியும்தான், எந்த அம்மணியும்தான். நோனாவை எடுக்கப்போகிறேன் என்று அவர் வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டு அவரிடமே சொன்னால் அவர் என்ன செய்வார்? கதவைப் பாதி சாத்திக்கொண்டு மகனைக் கூப்பிட்டார். கழுத்தில் தொங்கிய லென்ஸைக் காட்டி, கைச்சாடையில் விளக்கி, ஒருவழியாக மேலே ஏறினேன்.

ஈரச் சேலையை உதறிவிட்டு அவள் நிமிர்ந்த நேரம் அழுத்தினேன். எங்கோ பார்த்துக்கொண்டு நிற்கிறாள். பின்னால் எல்லாம் கரைந்து, பச்சையாக மிதக்கிறது. சத்தியமாக அழகான படம்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் தொழில்புத்தி என்று ஒன்று இருக்கிறதே. எங்கள் அச்சகத்துக்கு மரண அறிவித்தலுக்கு ஒரு படம் வந்தால் முதலில் முகத்தைக் கழுவுவோம். அப்படித்தான் எங்களுக்குள் சொல்வது. கண்ணுக்குக் கீழே கறுப்பை எடுப்பது, தோலை ஒரு படி வெளுப்பாக்குவது, தழும்பை, புள்ளியை அழிப்பது. குடும்பத்தார் கேட்காமலே செய்வோம். இந்த வேலையில் எனக்கு நல்ல பெயர். புவனாவின் முகத்தையும் கழுவினேன். உதட்டுக்கு மேலே ஒரு மச்சம், அதையும் துடைத்தேன். பத்து வயது குறைந்துவிட்டது. குழுவுக்கு அனுப்பினேன், பெயரோடு.

5

அம்பிட்டியவுக்கு நாங்கள் போய்ச் சேரும்போது மழை விட்டு, படிக்கட்டு முழுக்க ஈரக் குடைகள். மேல்மாடியில் பிள்ளைகளின் வாங்குகளில், அதாவது பெஞ்சுகளில், பெரியவர்கள் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். ஓர் ஆஸ்பத்திரித் தாதி, திரீவீல் என்கிற ஆட்டோ ஓட்டும் ஒரு திரீவீல்காரர், இரண்டு ஆசிரியைகள், பாங்கில் ஓய்வுபெற்ற ஒருவர். எல்லாரும் சாதாரண மனிதர்கள். அன்வர் சேர் மட்டும் சாதாரணமாக இல்லை.

நான் தொப்பையும் வழுக்கையுமான ஒரு கண்ணாடிக் கடைக்காரரை எதிர்பார்த்துப் போயிருந்தேன். அவர் நெட்டையாக, நிமிர்ந்து, வெள்ளிக் கம்பி போலத் தலைமுடியோடு, தேய்த்த சட்டையில் மெல்லிய அத்தர் வாசனையோடு எழுந்து வந்தார். என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். 'இருக்கிறாங்க' என்பது அவர் பேச்சில் 'ஈக்கிறாங்க'.

"வாங்க சிவகாசியார், வாங்க. புவனா தங்கச்சி உங்களப் பத்தி நெறயச் செல்லி ஈக்கிறாங்க."

தங்கச்சி. அப்படித்தான் ஆரம்பிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த திரீவீல்காரரிடம், போகிறபோக்கில் கேட்பதுபோல, சேர் வீட்டில் எத்தனை பேர் என்று விசாரித்தேன். மனைவி தவறிவிட்டார், தனியாகத்தான் இருக்கிறார் என்றார். நான் கடித்த ரோல்ஸைத் தட்டில் திருப்பி வைத்தேன்.

என் படம் திரையில் வந்தது. விதிப்படி முதலில் பேச வேண்டியது புவனா. அவளும் அப்போதுதான் அதை முதல் முறையாகப் பார்த்தாள். போனில் பார்க்கவில்லை. கூட்டத்தில் பார்த்துக்கொள்வோம் என்று விட்டிருந்தாள். எழுந்து திரைக்குக் கிட்டப் போனாள்.

"இவங்க யாரு?"

யாரோ சிரித்தார்கள். அவள் விரலை உதட்டுக்கு மேலே வைத்தாள், திரையில் அல்ல, தன் முகத்தில்.

"என் மச்சம் எங்க? ... முப்பத்தோராம் நாள் நோட்டீஸ்ல போடுற படம் மாதிரி இருக்குங்க. நான் செத்துட்டேனா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என்னைப் பற்றிய சிரிப்பில் நானே முந்திக்கொள்வது என் பழைய தந்திரம். அன்வர் சேர் சிரிக்கவில்லை. எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்தார். பிறகு மற்றவர்களுக்குச் சொல்வது போலவே நிதானமாக, வெளிச்சம், பின்னணி, கழுத்தின் சாய்வு என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். புவனாவின் படத்துக்குப் பன்னிரண்டு வரி என்றால் எனக்கு இருபது வரி தேறும். என் கோட்டையின் ஒரு சுவர் அங்கேயே இடிந்தது. அந்த மனிதர் எல்லாருக்கும் நீளமாகத்தான் பேசுகிறார். கடைசியில் சொன்னதுதான் விஷயம்.

"படம் எடுத்தவர் நல்லாத் தூரத்துல ஈக்கிறார். இவர் அங்க ஈக்கிறது அவங்களுக்குத் தெரியா. இப்பிடிப் படம் பொலிஸ்காரன் எடுப்பான், சந்தேகம் வந்தா. சிவகாசியார், அடுத்த தடவ கிட்டப் போய்க் கேட்டுட்டு எடுங்க. அவங்க மாட்டேன்னா செல்லப் போறாங்க?"

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். மற்ற யாருக்கும் அது ஒன்றும் பெரிய பேச்சாகப் படவில்லை. புவனா மட்டும் திரும்பி என்னைப் பார்த்தாள். கண்டக்டர் காமினியைப் பார்த்த அதே பார்வை, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணை எடுக்காமல். நான் இத்தனை காலம் ஏங்கிய பார்வை கிடைத்தபோது எங்கே ஒளிவது என்று தெரியவில்லை.

திரீவீலில் மேட்டிலிருந்து இறங்கி வரும்போது புவனா கேட்டாள், "என்னைய வேவு பாத்தீங்களா?"

சிறுத்தைகளைப் பாதுகாக்கும் திணைக்களத்தில் சேர்ந்திருக்கிறேன் என்று ஏதோ உளறினேன்.

"எதைக் கேட்டாலும் ஒரு ஜோக்கு" என்றாள். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும், சோறு வந்தது, குழம்பு வந்தது, பேச்சு வரவில்லை. வீசாவுக்குக் கொழும்பு போக வேண்டிய நாள் அடுத்த வாரம்.

6

நான் பயந்தேன். இதை எழுதும்போது சிரிப்பாக இருக்கிறது, அப்போது இல்லை. தனியாகக் கொழும்பு அலுவலகத்தில் போய் உட்கார்ந்து, மனைவிக்குக் காய்ச்சல் ஐயா என்று எந்த மொழியில் சொல்வது என்று யோசித்தேன். சிவகாசிக்குத் திரும்பிவந்து உங்கள் முன்னால் எப்படி நடப்பது என்று யோசித்தேன். அம்மாவிடம் என்ன சொல்வது? ஒரு மாத வேலை இப்போதுதான் முடிந்தது என்றா? இத்தனைக்கும் நடுவில், அன்வர் சேரின் சட்டையை யார் தேய்த்துக் கொடுக்கிறார்கள் என்றும் யோசித்தேன்.

வீசாப் படிவத்தில் ஒட்டப் புதிய புகைப்படம் வேண்டும். ஸ்டூடியோவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என்னை, ஞாயிறு காலை, புவனா கூப்பிட்டாள்.

"அங்க ஒக்காருங்க."

ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு கதிரை. பின்னால் வெள்ளைப் படுக்கை விரிப்பு. கையில் அன்வர் சேரின் கேமரா. ஓர் அடி கிட்ட வந்தாள், இன்னும் ஓர் அடி. அவள் முழங்கால் என் முழங்காலில் இடித்தது. கேமரா மேலே எழுந்ததும் நான் கண்ணை ஒன்றரையாக்கினேன். பிறகு பல்லை வெளியே விட்டேன். பிறகு அரசியல்வாதி மாதிரி கும்பிட்டேன். அவள் கேமராவை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். என்னிடம் இருந்த முகமெல்லாம் தீர்ந்துபோகும்வரை காத்திருந்தாள்.

"நான் உங்களை எடுக்கலைன்னு நினைச்சுக்கிட்டு இருக்கீங்கதானே? எத்தனை தடவை எடுக்கப் பாத்திருக்கேன். கெமராவைத் தூக்கினா நீங்க ஓடிப்போயிடுறீங்க. உடம்பு இங்கனக்குள்ளயே இருக்கும், ஆளு இருக்க மாட்டாரு. ஓடிப்போன ஆளை நான் எப்படிங்க எடுக்கிறது?"

எனக்கு ஒரு நல்ல பதில் ஜோக் தோன்றியது. சொல்லவில்லை.

"வீசாவுக்கு வர்றியா?" என்றேன்.

"அதுதான் பயமா? வீசா போயிடும்னா?"

"வீசா இல்ல."

அந்த நேரம் அவள் அழுத்தினாள்.

7

அந்தப் படத்தை அலுவலகத்தில் ஏற்கவில்லை. ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கம் மட்டும் விழுந்து, முகத்தில் பாதி இருட்டு. முகம் முழுதும் ஒரே வெளிச்சமாக இருக்க வேண்டும் என்று அதிகாரி மரியாதையாகச் சொன்னார். விதி அதுதான். எதிர்த்தெருவில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்டு வந்தோம். அவர்கள் கேட்காமலே என் முகத்தைக் கழுவியிருந்தார்கள். முப்பத்தோராம் நாளுக்குத் தயாராக இருந்தேன்.

அதிகாரி படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இவர் உங்கள் கணவர்தானா என்று புவனாவிடம் சிங்களத்தில் கேட்டார். அவள் நீளமாக ஏதோ சொன்னாள். அவர் வாய்விட்டுச் சிரித்தார். என்ன சொன்னாய் என்று ரயிலில் பலமுறை கேட்டேன், சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டாள். முத்திரை விழுந்தது. திரும்பிவரும் ரயிலில் வடை விற்றவரிடம் பெயரைக் கேட்டு, ஜன்னல் பக்கம் திரும்பச் சொல்லி, அவரை எடுத்தாள். அவர் பெயர் சுமணபால. எனக்கு வயிறு எரிந்தது. வடையினால் அல்ல.

ஜன்னல் படத்தை அவள் குழுவில் போட்டாள், என் பெயரோடு. அடுத்த கூட்டத்தில் அது திரையில் வந்தது. ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் இருட்டு, நடுவில் நான். முதலில் நான் பேச வேண்டும். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். இப்படி ஒரு சபை கிடைத்தால் நான் அரைமணி நேரம் சிரிக்கவைப்பேன். எழுந்து நின்றேன்.

"பயந்து போய் இருக்கேன்" என்றேன்.

அன்வர் சேர் கேட்டார், "என்னத்துக்குப் பயம் சிவகாசியார்?"

"உங்களுக்குத்தான் சேர்."

வாங்குகள் ஆடும் அளவுக்குச் சிரித்தார்கள். ஓய்வுபெற்ற பாங்க்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்வர் சேரும் சிரித்தார். புவனா சிரிக்கவில்லை. அவள் என் பக்கத்து வாங்கில் வந்து உட்கார்ந்தாள்.

சிறுத்தை லென்ஸைக் குருவி பார்க்கும் ஒருவர் வாங்கிக்கொண்டு போய்விட்டார். கடைக்காரர் சொன்ன சின்ன லென்ஸை, பாவித்த கேமராவோடு, வாங்கினோம். அன்வர் சேரின் கேமராவைத் திருப்பிக் கொடுத்தோம். அவர் அதைத் தாதிக்கு இரவல் கொடுத்தார். அந்தத் தாதியின் கணவர் இப்போது கூட்டத்துக்கு வரத் தொடங்கியிருக்கிறார். கதவோரமாக உட்காருகிறார். நான் அவருக்கு ரோல்ஸ் எடுத்துக் கொடுத்தேன்.

என் படத்துக்கு அன்வர் சேர் வழக்கம்போல நீளமாகத்தான் எழுதினார். வெளிச்சம் சரி, தூரம் சரி, ஆள் அங்கே இருக்கிறார். ஆனால் கண்ணில் இருக்க வேண்டிய கூர்மை இடது காதில் இருக்கிறது. எடுக்கும்போது கை ஆடியிருக்க வேண்டும். திரும்ப எடுக்கவும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை புவனா என்னைத் திரும்ப எடுத்தாள்.